உடலைத் திருத்தும் உரிமை

மனித உடலில் உயிரியல் வழியாகச் செய்யப்படும் மாற்றங்கள் இரண்டு வகைப்படும். ஒன்று, செய்துகொண்டவரோடு முடிந்துபோவது. தடுப்பூசி, இன்சுலின், உறுப்பு மாற்று அறுவை, ரத்தத்திலோ கல்லீரலிலோ மட்டும் செய்யப்படும் மரபணுத் திருத்தம் எல்லாம் இதில் அடங்கும். மற்றது விந்து, சினைமுட்டை, கரு ஆகியவற்றைத் தொடுவது. அது பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இதுபற்றிய விவாதம் பெரும்பாலும் குழம்புகிறது. மனிதன் மனிதனாக இருப்பது எதனால், உடலை மாற்றிவிட்டால் அவன் வேறு ஏதாவது ஆகிவிடுவானா என்ற கேள்வி இரண்டு வகைக்கும் ஒரே குரலில் கேட்கப்படுகிறது. விடை இரண்டுக்கும் ஒன்றல்ல.

அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனித உடலுக்கு மாறாத மூலவடிவம் ஒன்று உண்டு, அறிவியல் இப்போதுதான் அதில் கைவைக்கிறது என்பதே அது. மரபணு ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 8 விழுக்காடு, பல லட்சம் தலைமுறைகளுக்கு முன் மூதாதை உயிர்களின் இனப்பெருக்கச் செல்களுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் எச்சம். அவற்றிலிருந்து வந்த சின்சிட்டின் என்னும் புரதம் இல்லாமல் தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி சரியாக உருவாகாது. மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு 2010-ல் நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, ஆப்பிரிக்கர் அல்லாத மக்கள் அனைவரிடமும் அந்த அழிந்துபோன இனத்தின் டி.என்.ஏ. சிறிதளவு இருப்பது தெரிந்தது. திபெத்தியர் மெல்லிய காற்றில் வாழ உதவும் மரபணு வடிவம், டெனிசோவர் என்ற இன்னொரு அழிந்த இனத்திடமிருந்து வந்தது என்று 2014-ல் கண்டறியப்பட்டது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கி மீன்பிடிக்கும் இந்தோனேசியாவின் பஜாவு மக்களுக்கு, அருகில் நிலத்தில் வாழ்வோரைவிட மண்ணீரல் ஒன்றரை மடங்கு பெரிது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறன் மாடு வளர்ப்புக்குப் பின், கடந்த 10,000 ஆண்டுகளுக்குள்தான் பரவியது. தொழிலும் உணவும் உடலை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. மெதுவாக நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

பாலை வைத்தே இந்த விவாதத்தைத் தொடங்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1923-ல் கேம்பிரிட்ஜில் ‘டீடலஸ்’ என்ற தலைப்பில் அவர் நிகழ்த்திய உரை, உயிரியல் புதுமை ஒவ்வொன்றும் முதலில் அருவருப்பாகத் தோன்றி, பிறகு சடங்காகவே மாறிவிடுகிறது என்று வாதிட்டது. இன்னொரு விலங்கின் மடியிலிருந்து கறந்து குடிப்பது முதன்முதலில் எப்படித் தோன்றியிருக்கும் என்று அவர் கேட்டார். கருப்பைக்கு வெளியே குழந்தைகள் வளர்க்கப்படும் காலத்தையும் அதே உரையில் கற்பனை செய்தார். 1957-ல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரில் காலமான அறிவியலாளர் இவரே. அவருடைய கணிப்பு பல முறை பலித்திருக்கிறது. 1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது எழுந்த கூச்சல் இன்று யாருக்கும் நினைவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அந்தப் பன்றியின் 10 மரபணுக்கள் மாற்றப்பட்டிருந்தன. அவற்றில் ஆறு மனிதரிடமிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை. நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் மனிதரா என்று எவரும் கேட்கவில்லை.

ஆகவே ‘மனிதத்தன்மை’ எந்த உறுப்பிலும் எந்த மரபணுவிலும் குடியிருக்கவில்லை என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் பிரான்சிஸ் ஃபுகுயாமா 2002-ல் எழுதிய நூலில் மனித மாண்புக்கு அடிப்படையான ஏதோ ஒன்று மனித இயல்பில் இருக்கிறது என்றும், உயிர்த்தொழில்நுட்பம் அதைக் குலைக்கும் என்றும் வாதிட்டார். அது என்ன என்று சொல்ல முடியாமல் ‘எக்ஸ் காரணி’ என்றே பெயரிட்டார். இன்னதென்று சொல்ல முடியாத ஒன்றைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது.

மருத்துவ நெறிக் குழுக்கள் இதைவிடக் கைக்கு அடக்கமான கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோயைத் தீர்ப்பதற்கு அனுமதி, நலமாக இருப்பவரை மேம்படுத்துவதற்கு அனுமதி இல்லை என்பது அந்தக் கோடு. கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் வரலாற்றைப் பார்த்தால் அந்தத் தெளிவு நிற்பதில்லை.

பிட்யூட்டரி சுரப்பி பழுதுபட்டு வளராமல் நின்றுபோகும் குழந்தைகளுக்கு 1950-களின் இறுதியிலிருந்து மனித வளர்ச்சி ஹார்மோன் தரப்பட்டது. அதைப் பிணங்களின் மூளையடியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. கிடைத்தது மிகக் கொஞ்சம். ஆகவே உண்மையாகவே குறைபாடு உள்ள குழந்தைக்கு மட்டும் கொடுத்தார்கள். அப்போது கோடு தானாகவே நின்றது, பற்றாக்குறை அதைக் காவல் காத்தது. 1985-ல் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. அந்த ஹார்மோனைப் பெற்ற சிலர் க்ராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் என்னும் கொடிய மூளைநோயால் இறந்தது தெரியவந்து, பிண ஹார்மோன் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைச் செலுத்தித் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது வேண்டிய அளவு தயாரிக்கலாம். வேண்டிய அளவு கிடைத்ததும் யாருக்கெல்லாம் தேவை என்ற வரையறையும் விரிந்தது. 2003-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஹார்மோன் குறைபாடு எதுவும் இல்லாமல் வெறுமனே குட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தர ஒப்புக்கொண்டது. வளர்ந்தபின் ஆண் 160 செ.மீ.க்கும் பெண் 150 செ.மீ.க்கும் கீழே நிற்கக்கூடும் என்பது ஏறக்குறைய அளவுகோல். பல ஆண்டுகள் தினமும் ஊசி போட்டுக் கிடைப்பது சில சென்டிமீட்டர்.

இங்கே இரண்டு சிறுவர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவனுக்கு மூளைக்கட்டியால் சுரப்பி கெட்டுப்போயிருக்கிறது. மற்றவனுக்கு எந்த நோயும் இல்லை, பெற்றோர் குட்டையானவர்கள். இருவரும் வளர்ந்தால் ஒரே உயரம்தான் இருப்பார்கள், பள்ளியில் ஒரே கேலியைத்தான் கேட்பார்கள். முதல்வனுக்கு ஊசி சிகிச்சை, இரண்டாமவனுக்கு அது மேம்பாடு என்று பிரிப்பதற்கு நோய்க்காரணத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் என்பது ஒப்பீட்டில் மட்டுமே பயன் தரும் பண்பு. எல்லாரும் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் எவரும் உயர்ந்தவர் ஆவதில்லை, வரிசையில் கடைசியாக நிற்பவர் கடைசியிலேயே நிற்பார்.

விளையாட்டுத் துறையில் இந்தக் கோடு இன்னும் விசித்திரமாக வளைகிறது. ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரான்டா ஒலிம்பிக்கில் ஏழு பதக்கங்கள் வென்றவர். 1964-ல் இன்ஸ்ப்ரூக்கில் மட்டும் இரண்டு தங்கம். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்ததால், அவர் ரத்தத்தில் ஏதோ செய்துகொள்கிறார் என்ற சந்தேகம் தொடர்ந்து வந்தது. அவருடைய குடும்பத்தை ஆராய்ந்த மரபணு அறிஞர்கள் 1990-களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டார்கள். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு தயாரிக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் புரதத்தில் ஒரு பிறவி மாற்றம் இருந்தது. குடும்பத்தில் பலருக்கும் அதே மாற்றம். பிற வீரர்கள் அதே விளைவை ஊசி மூலம் பெற முயன்றார்கள். செயற்கை எரித்ரோபாய்டின் 1989-ல் சிறுநீரக நோயாளிகளுக்காகச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஒலிம்பிக் குழு அதைத் தடை செய்தது. சோதனை முறை வர 2000 சிட்னி ஒலிம்பிக் வரை ஆனது. ரத்தத்தில் இருப்பது ஒன்றே, களத்தில் கிடைக்கும் பயனும் ஒன்றே. ஒருவருக்குத் தங்கப் பதக்கம், மற்றவருக்குத் தடை. விளையாட்டின் விதி என்ற அளவில் இது சரிதான், ஏனெனில் ஊசியை அனுமதித்தால் எல்லாரும் உடலைப் பணயம் வைத்துப் போட்டுக்கொள்ள நேரும். ‘இயற்கை நியாயமானது’ என்ற வாதத்துக்கு மட்டும் இதிலிருந்து ஆதரவு கிடைக்காது. பிறவியில் கிடைத்ததும் உழைத்துப் பெற்றதல்ல.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2007-ல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வருகிறார். உழைத்துப் பெறாதது என்பதாலேயே அது கொடை. கொடையாக ஏற்கும் மனநிலை போய்விட்டால் அடக்கம் போகும், நலிந்தவரிடம் உள்ள கடமையுணர்வும் போகும், பிள்ளையின் ஒவ்வொரு குறைக்கும் பெற்றோரே பொறுப்பு என்றாகும் என்பது அவர் வாதம். கடைசிப் பகுதி கவனிக்கத் தக்கது. மற்றவை சமயவுணர்வு இல்லாதவரை அவ்வளவாக அசைக்காது. எதிர்த்தரப்பில் பிரிட்டனின் நெறியியலாளர் ஜான் ஹாரிஸ், கல்வியால் பிள்ளையை மேம்படுத்துவது கடமை என்றால் உயிரியலால் மேம்படுத்துவதும் கடமைதான் என்கிறார். அதே தரப்பைச் சேர்ந்த ஜூலியன் சவலெஸ்கு இன்னும் ஒரு படி மேலே போய், கிடைக்கும் கருக்களில் மிகச் சிறந்த வாழ்வு வாழக்கூடியதையே பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2001-ல் எழுதினார். ‘சிறந்த வாழ்வு’ எது என்று முடிவு செய்பவர் யார் என்ற இடத்தில் இந்த வாதம் தடுக்கி விழுகிறது.

இதற்கிடையே அறிவியல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது, சில சமயம் அவசரப்பட்டும். 1990-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களில், நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாமல் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்கு, அங்கீகாரம் பெற்ற முதல் மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1999-ல் பிலடெல்பியாவில் பரிசோதனையில் பங்கேற்ற 18 வயது இளைஞர் ஒருவர், மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸுக்கு உடல் காட்டிய கடும் எதிர்வினையால் இறந்தார். பாரிஸில் வெற்றி என்று கொண்டாடப்பட்ட சிகிச்சையில் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. செலுத்தப்பட்ட மரபணு தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதே காரணம். துறையே பத்தாண்டுக் காலம் முடங்கிப்போனது. 2012-ல் அறிவியலாளர்கள் ஜெனிஃபர் டௌட்னா, இமானுயேல் சார்பென்டியே இருவரும், பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை வெட்டப் பயன்படுத்தும் கிரிஸ்பர் அமைப்பை, வேண்டிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவியாக்கிக் காட்டினார்கள். 2020-ல் வேதியியல் நோபல் அவர்களுக்குக் கிடைத்தது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் கிரிஸ்பர் அடிப்படையிலான முதல் சிகிச்சைக்கு அனுமதி தந்தன.

அது அரிவாள் செல் நோய்க்கானது. அந்நோயில் ஹீமோகுளோபினில் உள்ள ஒரே ஒரு எழுத்துப் பிழையால் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து ரத்தக்குழாய்களை அடைக்கின்றன. சிகிச்சை அந்தப் பிழையைத் திருத்துவதில்லை, சுற்றுவழியில் போகிறது. கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11.ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடும். நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, அந்த அணைக்கும் விசையைக் கிரிஸ்பரால் செயலிழக்கச் செய்து, கடுமையான மருந்தால் பழைய மஜ்ஜையைத் துடைத்தபின் திரும்பச் செலுத்துகிறார்கள். வளர்ந்த மனிதரின் உடலில் கருவின் ரத்தம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. இது இயற்கைக்கு மாறான உடல்தான். வலியில் துடித்து மருத்துவமனைக்கு ஓடாமல் வாழ முடிகிறது என்பதால் நோயாளிக்கு அது ஒரு பொருட்டல்ல.

முதல் வகை மாற்றங்களில் சம்மதம் என்ற ஒன்று இருக்கிறது. வளர்ந்தவர் ஆபத்தை அறிந்து ஏற்கிறார். இரண்டாம் வகையில் அது இல்லை. 2018 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் ஹெ ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். தந்தைக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருந்தது. ஹெச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்வது அவர் திட்டம். தந்தையின் தொற்று குழந்தைக்கு வராமல் தடுக்க விந்தைக் கழுவிப் பயன்படுத்தும் எளிய முறை ஏற்கெனவே உண்டு என்பதால் மருத்துவத் தேவையே இருக்கவில்லை. ஐரோப்பியர் சிலரிடம் இயல்பாகக் காணப்படும், பாதுகாப்புத் தரும் மாற்றமும் அந்தக் குழந்தைகளிடம் உருவாகவில்லை. இதுவரை எவரிடமும் காணப்படாத புதிய வெட்டுகள் உருவாகின, அவையும் எல்லாச் செல்களிலும் ஒரேபோல் இல்லை. அந்த மரபணு இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கும் என்பதும் தெரிந்த செய்தி. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. சீனா தன் குற்றவியல் சட்டத்தில் இதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது.

ஜெர்மானியத் தத்துவஞானி யூர்கன் ஹாபர்மாஸ் 2001-லேயே இத்தகைய நிலைமையை முன்கண்டு எழுதியிருந்தார். ஒருவரின் உடலை அவர் பிறக்கும் முன்பே இன்னொருவர் தம் விருப்பப்படி வடிவமைத்தால், அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதுபவராகத் தன்னை உணர முடியாது. வடிவமைத்தவருக்கும் வடிவமைக்கப்பட்டவருக்கும் இடையில் ஒருபோதும் சமமாகாத உறவு ஏற்படும் என்றார். வளர்ப்புமுறையை எதிர்த்துப் பிள்ளை பின்னால் சண்டை போடலாம், மரபணுவோடு சண்டை போட முடியாது. தத்துவ வாதங்களில் இதுவே வலுவானது, ஏனெனில் இது மனித இயல்பு என்ற புதிரை நம்பி நிற்கவில்லை. ஒருவர்மேல் இன்னொருவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பதையே கேட்கிறது. வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கொடிய நோயைத் தடுக்கும் திருத்தத்தைப் பிள்ளை வளர்ந்தபின் மறுக்கும் என்று நினைக்க இடமில்லை. பிரிட்டன் 2015-ல், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை மாற்றும் முறையைச் சட்டபூர்வமாக்கியது இந்த அடிப்படையில்தான். தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில் வேறொரு பெண்ணின் சினைமுட்டையிலிருந்து நல்லவை பெறப்படுகின்றன. அதில் உள்ள மரபணுக்கள் 37 மட்டுமே. செல்லின் உட்கருவில் இருப்பவை ஏறக்குறைய 20,000. நியூகாசிலில் இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பது 2025 ஜூலையில் வெளியிடப்பட்டது.

‘கொடிய நோய்’ என்பதையும் வெளியிலிருந்து வரையறுத்துவிட முடியாது. காது கேளாக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்த 1990-ல் அமெரிக்கா அனுமதித்தபோது, அந்நாட்டுக் காது கேளாதோர் தேசியச் சங்கம் அதைக் கண்டித்தது. சைகைமொழியும் அதையொட்டிய பண்பாடும் தங்களுக்கு உண்டு, தங்களைப் பழுதுபட்டவர்களாகப் பார்க்க வேண்டாம் என்றது. பத்தாண்டுகள் கழித்து அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் அதே கருவி முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இலவசமாகப் பொருத்தப்படுகிறது. இங்கே எதிர்ப்பு எழவில்லை, பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். சைகைமொழிக் கல்வி வலுவாக இருக்கும் நாட்டில் எழும் கேள்வி, அது மெலிந்திருக்கும் இடத்தில் எழுவதில்லை. எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் குள்ளமாக இருப்போருக்கான வோசோரிடைடு ஊசி 2021-ல் வந்தபோதும் இதே வகை விவாதம் நடந்தது.

யாரைப் பிறக்க விடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘அறிவுக்குறை’ உள்ளவர் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதைச் சரியென்றது; அந்நாட்டில் 60,000-க்கும் மேற்பட்டோருக்கு அது செய்யப்பட்டது. நாஜி ஜெர்மனியில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். மக்களாட்சி நாடான ஸ்வீடனிலும் 1970-கள் வரை அத்தகைய சட்டம் இருந்தது. இவை அரசு செய்தவை, இன்று முடிவெடுப்பது பெற்றோர், அதனால் அந்த ஆபத்து இல்லை என்று மேம்பாட்டு ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அவர்கள் இந்தியாவைப் பார்த்ததில்லை போலும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் ஸ்கேன் கருவி இங்கே எந்த அரசு ஆணையும் இல்லாமல், பெற்றோரின் சொந்த விருப்பத்தாலேயே பரவியது. ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண்குழந்தைகளுக்கு 1991 கணக்கெடுப்பில் 945 பெண்குழந்தைகள் இருந்தார்கள், 2001-ல் 927. இடையில் 1994-ல் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டமே வந்திருந்தது. தனித்தனிக் குடும்பங்கள் எடுத்த முடிவுகள் சேர்ந்து ஒரு சமூகத்தின் பாகுபாட்டை அப்படியே அடுத்த தலைமுறையில் பதித்தன. நாளை கருவின் நிறத்தையோ உயரத்தையோ தேர்ந்தெடுக்க முடிந்தால் மாப்பிள்ளை, பெண் தேடும் விளம்பரங்களில் உள்ள பட்டியலே அங்கும் செல்லும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

அத்தகைய தேர்வு அவ்வளவு எளிதும் இல்லை. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, உயரத்தோடு மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்கள் தொடர்புடையவை என்று காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பலவற்றுக்கு வேறு வேலைகளும் உண்டு. அரிவாள் செல் மரபணுவே ஒற்றைப் பிரதியாக இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பாற்றும். குறையென்று கருதி நீக்கும் மரபணு இன்னொரு சூழலில் கவசமாக இருந்திருக்கலாம். அறிவுக்கூர்மைக்கும் குணத்துக்கும் மரபணுவைத் திருத்தித் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் அது வெறும் வியாபாரம்.

ஐரோப்பியக் குழுமத்தின் 1997 ஓவியெடோ ஒப்பந்தம் சந்ததிக்குப் போகும் மாற்றங்களை விலக்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இனப்பெருக்கச் செல்களில் மரபணுச் சிகிச்சையைத் தடை செய்கின்றன. உடற்செல்களில் செய்யப்படும் சிகிச்சைக்கு வழிவிடுகின்றன. இன்றைய அறிவுநிலைக்கு இந்தப் பிரிவினை பொருத்தமானது. ஆனால் அனுமதிக்கப்பட்ட பக்கத்திலும் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. கிரிஸ்பர் சிகிச்சையின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரி மலைப் பழங்குடியினரிடம். நாடு முழுவதும் இந்நோய் அதிகம் தாக்குவதும் பழங்குடி மக்களையே. 2023-ல் தொடங்கிய தேசிய இயக்கம் 2047-க்குள் நோயை ஒழிக்க இலக்கு வைத்து 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. டெல்லியில் உள்ள அரசு ஆய்வகம் ஒன்று உள்நாட்டுக் கிரிஸ்பர் சிகிச்சையை உருவாக்கி வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்குத் தன் மருத்துவமனையிலேயே மரபணுச் சிகிச்சை அளித்து, ரத்தக்கசிவு நின்றதை 2024 டிசம்பரில் வெளியிட்டது. இங்கேயே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. நீலகிரியின் அரிவாள் செல் நோயாளிகள் இன்று நம்பியிருப்பது ஹைட்ராக்சியூரியா மாத்திரையை.